மூன்று மணித் தலைவலி

சீட்டையாவுக்குத் தலைவலி மூன்று மணிக்கு வரும். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம், வராமல் இருந்ததில்லை. முதலில் இரண்டு நெற்றிப் பொட்டிலும் யாரோ விரலால் தட்டுவது போல ஆரம்பிக்கும். அப்புறம் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றரைக்கு எழுதின எழுத்தெல்லாம் தண்ணீரில் ஊறியது போலத் தெரியும், வயிற்றைப் புரட்டும். நாலு மணிக்கு வெளித் தாழ்வாரத்தில் நின்று ஒரு டீ குடித்தால் கொஞ்சம் விடும். திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதமாக இதே கதைதான். ஒருத்தரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

சொல்லாததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. நல்ல காரணம் என்று சொல்ல மாட்டேன்.

அவர் வேலை பார்த்தது ஆப்பிள் பெட்டிகளைக் குளிரில் வைத்துப் பாதுகாக்கும் கிடங்கில். நடுவில் ஒரு பெரிய கூடம், அதைச் சுற்றி நாலு குளிர் அறைகள். ஒவ்வொரு அறை வாசலிலும் கனமான பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும். கூடத்தின் ஒரு மூலையில் பலகையும் கண்ணாடியும் வைத்து அடைத்த சின்னக் கூண்டு, அதுதான் அவர் இடம். பெட்டிகள் ஏறி இறங்கும்போது எந்தத் தோட்டத்துச் சரக்கு, எந்த அறை, எந்த வரிசை, என்றைக்கு வந்தது என்று அட்டைச் சீட்டில் எழுதி நூலால் கட்ட வேண்டும். கம்ப்யூட்டர் வந்து எட்டு வருஷம் ஆயிற்று. ஆனால் அது அச்சடிக்கிற ஸ்டிக்கர் குளிரின் ஈரத்தில் மூன்றாம் நாளே உரிந்து கீழே விழுந்துவிடும். பேனாவும் குளிரில் எழுதாது. பென்சில் எழுதும். அதனால் கம்ப்யூட்டரும் இருந்தது, சீட்டையாவும் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

காரணத்துக்கு வருகிறேன். அவர் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே உண்டு. மாதத்தில் நாலைந்து நாள் ஜன்னலை அடைத்துக்கொண்டு, நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இவர் கெட்டவர் இல்லை. அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. அன்றைக்கு மட்டும் தானே சோறு வடித்துக்கொள்வார். ஆனால் போகிற போக்கில், "எல்லாம் மனசுதான். எழுந்து நாலு வேலையைப் பார்த்தா தானா போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார். முப்பத்தொரு வருஷம் சொன்னார். பதினாலு மாதம் முன்னால் ஒரு காலையில், தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே போய்விட்டாள்.

அவள் போய் ஒரு வருஷம் கழித்து இவருக்குத் தலைவலி வந்தது. அதுவரை தலைவலி என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் அவர். முதல் நாள் பொட்டைப் பிடித்துக்கொண்டு கூண்டில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தோன்றியது இதுதான்: இது அவளுடையது. நம்பவில்லை அல்லவா, இப்போது அனுபவி என்று விட்டுப் போயிருக்கிறாள். அப்படி நினைத்ததும் அவருக்குப் பயம் வரவில்லை, ஒரு விதமான ஆறுதல் வந்தது. மறுநாளே அலமாரியிலிருந்து அவளுடைய தைலப் புட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று மணிக்குத் தைலத்தைத் தடவிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். இதற்கு மாத்திரை போடுவது அவளை இன்னொரு தடவை நம்பாமல் போவது போல என்று வைத்துக்கொண்டார். தனியாக இருக்கிற மனிதன் தனக்குத்தானே என்னென்ன சட்டம் போட்டுக்கொள்வான் என்று யாருக்குத் தெரியும்?

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சீட்டில் தப்பு வர ஆரம்பித்தது. இரண்டாம் அறைச் சரக்குக்கு மூன்றாம் அறை என்று எழுதினார். ஒரு லாரி வேறு யாருடைய பெட்டிகளையோ ஏற்றிக்கொண்டு பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. ஒரு நாள் சீட்டை எழுதி, நூலைக் கோத்து, எந்தப் பெட்டியில் கட்ட வேண்டும் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சூப்பர்வைசர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தோளில் கை வைத்து, "வயசு ஆகுதுல்ல ஐயா, நாம என்ன இரும்பா?" என்றார். போதாதென்று மகளுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"அப்பா, இன்னைக்கு என்ன தேதி?"

"ஏன், உன் போன்ல காட்டலையா?"

"விளையாடாதீங்க. சொல்லுங்க."

சொன்னார். கிழமை சொன்னார், வருஷம் சொன்னார், அவள் பிறந்த நேரத்தைக் கூடச் சொன்னார். அவள் போனைப் பார்த்து அடுத்த கேள்வியைப் படித்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டுமாம்.

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொண்ணு..." அவர் இரண்டு வரைக்கும் இறங்கி வந்து, "இன்னும் கீழ போகணுமா?" என்றார். அவள் விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்து முடிக்க அதைவிட அதிக நேரம் ஆயிற்று.

"இங்க நல்லாத்தானே இருக்கீங்க! அப்புறம் ஏன் அங்க போய் மானத்தை வாங்குறீங்க?" என்று அவள் கோபப்பட்டாள். கோபப்பட்டவள் அடுத்த நிமிஷமே அழுதாள். "தனியா இருந்து இருந்துதான்பா இப்படி. மனசு விட்டுப் போச்சு உங்களுக்கு. புதன்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஞாபக மறதி பரிசோதனை. அவர் ஏதாவது சொன்னார்னா வேலையும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம். பேசாம என்கூட வந்துடுங்க."

மகள் வீட்டில் அவருக்கு ஒதுக்கிய அறையை அவருக்குத் தெரியும். இஸ்திரி மேஜையும், காற்று இறங்கின சைக்கிளும், பழைய பெட்டிகளும் இருக்கிற அறை. அவற்றை நகர்த்திவிட்டு ஒரு கட்டில் போடுவார்கள். பாசத்தோடுதான் போடுவார்கள். ஆனால் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்தால் அப்புறம் அவர் எழுத்தர் இல்லை, புருஷன் இல்லை, வீட்டுக்காரர் இல்லை, பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு ஆள், அவ்வளவுதான். மனைவி இருந்து வாழ்ந்த வீட்டின் சாவியை வேறு யாரிடமோ கொடுக்க வேண்டும். புத்தி கெட்டுவிட்டதா இல்லையா என்பது புதன்கிழமை தெரிந்துவிடும். கெட்டுவிட்டது என்றுதான் அவரே நினைத்தார்.

திங்கட்கிழமை மூன்றேகாலுக்குக் கூண்டில் உட்கார்ந்து தனக்குத்தானே பரிசோதனை வைத்துக்கொண்டார். நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எண்பத்தாறிலேயே நின்றார். இருட்டு அறையில் படி தேடுகிறவர் போல ஒரு எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, தைலத்தைத் தடவிக்கொண்டார்.

இப்போது வேறொரு பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கூண்டை ஒட்டி, அவர் உட்காரும் இடத்துக்கு மேலே, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம், ஒரு பச்சை விளக்கு, எண் காட்டுகிற சின்ன ஜன்னல். எந்தக் காலத்திலோ பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர்கள் மாட்டச் சொல்லி மாட்டியது. நச்சு வாயு வந்தால் கத்தும் என்றார்கள். ஆறு வருஷம் அது வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் முன்னால் ஒரு பிற்பகலில் திடீரென்று, காதைக் கிழிக்கிற மாதிரி கத்தியது. சூப்பர்வைசர் ஓடி வந்து, மோந்து மோந்து பார்த்து, "ஒரு நாத்தமும் இல்லையே, பேட்டரி போயிருக்கும்" என்றார். புது பேட்டரி போட்டார்கள். மறுநாளும் கத்தியது. அதற்கடுத்த நாளும் கத்தியது.

ஏற்கெனவே தலை பிளக்கிற நேரம். சீட்டையாவால் பொறுக்க முடியவில்லை. நாற்காலி மேல் ஏறிப் பெட்டியைக் கழற்றி, வெளித் தாழ்வாரத்தில் டீ வைக்கிற மேஜைக்கு மேலே ஒரு ஆணியில் மாட்டிவிட்டார். மாட்டின கொஞ்ச நேரத்தில் அது வாயை மூடிக்கொண்டது. "பாத்தீங்களா, உள்ள இருக்கிற குளிர் அதுக்கு ஒத்துக்கல" என்று சூப்பர்வைசர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதிலிருந்து அது அங்கேயே சமர்த்தாகப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிடங்கில் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆளை இவர்கள் இப்படித்தான் வெளியே தள்ளினார்கள்.

அதே இரண்டு மாதம் முன்னால்தான் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற பேட்டரி வண்டி படுத்துவிட்டது. வாடகைக்குக் கேஸ் வண்டி ஒன்று வந்தது, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு. டீசல் என்றால் புகை தெரியும், கேஸ் சுத்தம், சமையலறையில் எரிகிறதுதானே என்று அதை மூடின கூடத்துக்குள் விட்டார்கள். குளிர் வீணாகப் போகக் கூடாதென்று லாரி வந்தால் ஒழிய ஷட்டரைத் தூக்குவதில்லை. இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்த வண்டியை ஓட்டினவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். நாற்பது வயசு. காலை எட்டு மணிக்கு வாயைத் திறந்தால் மாலை ஆறுக்குத்தான் மூடுவான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசுவான். பக்கத்து வீட்டு நாய், மச்சினனின் புது மீசை, முந்தாநாள் கண்ட கனவு, எதுவாக இருந்தாலும் கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஒலிபரப்புத்தான். சீட்டையாவுக்கு அது பெரிய தொல்லை. ஆனால் ஒரு நாளில் அவர் காதில் விழுகிற மனுஷக் குரல் என்றால் பெரும்பாலும் அது ஒன்றுதான். வீட்டுக்குப் போனால் குழாய் சொட்டுகிற சத்தம்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கிறது என்று முன் ஷட்டர், பின் ஷட்டர் இரண்டையும் இறக்கிவிட்டார்கள். மறுநாள் நாலு லாரிச் சரக்கு போக வேண்டும். ரேடியோ மூன்றாம் அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தான். அன்றைக்குத் தலைவலி மூன்று மணி வரை காத்திருக்கவில்லை, ஒன்றரைக்கே வந்துவிட்டது. மறுநாள் பரிசோதனை. எண்பத்தாறுக்குக் கீழே என்ன என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ரேடியோ கூண்டு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"சீட்டையா, நேத்து எங்க வீட்டுல ஒரு கூத்து..."

"அப்பா சாமி, கொஞ்ச நேரம் வாயை மூடுறியா? உன் பேச்சைக் கேட்டுக் கேட்டே எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு!"

ரேடியோவின் முகம் சுருங்கியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டைத் திரைக்குள் போனான். உள்ளே தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த அவன் குரல் கொஞ்ச நேரம் கழித்து நின்றுபோனது. எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது. கோபித்துக்கொண்டான் என்று சீட்டையா நினைத்தார். இருக்கட்டும், டீ குடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிச் சமாதானப்படுத்திவிடலாம்.

நாலு மணிக்குத் தாழ்வாரத்துக்கு வந்தார். சரக்குப் பிரிக்கிற பெண்கள் ஆறு பேரும் சூப்பர்வைசரும் டீ வாங்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். கொஞ்ச நாளாகவே அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. லாரி டிரைவர் ஒருவர் தன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து மழை விடக் காத்திருந்தார். சீட்டையா இரண்டு வாய் டீ குடித்தார். மழைக்காற்று முகத்தில் அடித்தது. பொட்டில் இறுக்கம் விட்டது. எழுபத்தொன்பது என்று அதுவாக வந்தது. எழுபத்திரண்டு, அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு. இது என்ன கண்ணாமூச்சி, உள்ளே போனால் காணாமல் போகிறது, வெளியே வந்தால் வந்து நிற்கிறது என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

சாரல் அந்த வெள்ளைப் பெட்டி மேல் அடித்துக்கொண்டிருந்தது. நனைந்து வீணாகப் போகிறதே என்று அதை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தடவையாக அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்தார். பூஜ்யம் என்று இருந்தது. கூண்டுக்குள் மேஜை மேல் வைத்துவிடலாம் என்று கதவைத் திறந்து உள்ளே நடந்தார். பத்து அடி போயிருப்பார். பூஜ்யம் நாற்பது ஆயிற்று. நூற்றுப்பத்து ஆயிற்று. கையிலேயே அலற ஆரம்பித்தது.

பயந்துபோய் வெளியே ஓடி வந்தார். எண் இறங்கியது. அலறல் நின்றது. மறுபடி உள்ளே போனார். மறுபடி அலறியது. மறுபடி வெளியே வந்தார்.

கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே போனால் கத்துகிறது, வெளியே வந்தால் அடங்குகிறது. இரண்டு மாதமாகத் தன் தலையும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறது. வீட்டில் வலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. அவள் விட்டுப் போன வலி என்றால் அவள் இருந்த வீட்டில் அல்லவா வந்திருக்க வேண்டும்?

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீக்கு ரேடியோ வரவில்லை. எவ்வளவு கோபமாக இருந்தாலும் டீயை விடுகிற ஆள் இல்லை அவன்.

"ரேடியோ உள்ள இருக்கான்!" என்று கத்தினார். "காத்துல விஷம் இருக்கு! யாரும் உள்ள போகாதீங்க! ஷட்டரைத் தூக்குங்க!"

சூப்பர்வைசர் திகைத்து நின்றார். கிழவருக்கு முற்றிவிட்டது என்ற நினைப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. சீட்டையா பெட்டியை அவர் கையில் திணித்து, சட்டையைப் பிடித்துக் கதவுக்கு உள்ளே தள்ளி, வெளியே இழுத்தார். இருபது வருஷ வேலையில் மேலதிகாரி மேல் அவர் கை வைத்தது அன்றைக்குத்தான். பெட்டி கத்திய கத்தலில் சூப்பர்வைசருக்கு விளங்கிவிட்டது.

முன் ஷட்டரின் பொத்தான் வெளிச்சுவரில் இருந்தது. பழைய மோட்டார். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் ஷட்டர் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். சீட்டையா ஓடிப்போய் அதை அழுத்திக்கொண்டார். பெண்களில் மூத்தவள் சுற்றிக்கொண்டு பின் ஷட்டருக்கு ஓடினாள். இன்னொருத்தி அவசர உதவிக்குப் போன் போட்டாள். லாரி டிரைவர் குதித்து வந்தார். அன்று முழுக்க உள்ளே காலை வைக்காத ஆள் அவர் ஒருவர்தான். ஷட்டர்கள் தலை உயரத்துக்கு வந்து, மழைக்காற்று கூடத்தின் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போன பிறகு, அவரும் சூப்பர்வைசரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

சீட்டையாவுக்கும் கால் பரபரத்தது. ஆனால் விரலை எடுக்க முடியாது. எடுத்தால் ஷட்டர் பாதியிலேயே நின்றுவிடும். சுவரோடு ஒட்டி நின்று அழுத்திக்கொண்டே இருந்தார். வாயை மூடு என்று சொன்னேனே, வாயை மூடு என்று சொன்னேனே என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. "டேய் ரேடியோ, பேசுடா! ஏதாவது பேசுடா!" என்று இருட்டுக் கூடத்தைப் பார்த்துக் கத்தினார். உள்ளே எஞ்சின் நின்றது. அதற்குப் பிறகு மழைச் சத்தம்தான்.

இரண்டு பேரும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்தானாம். முகம் காய்ச்சல் அடிப்பது போலச் சிவந்திருந்தது. மூச்சு இருந்தது. இருந்ததே தவிர, பேச்சு இல்லை.

ஆம்புலன்ஸ் அவனை ஆக்சிஜனோடு கொண்டுபோயிற்று. பின்னாலேயே வந்த தீயணைப்பு அதிகாரி தன் கருவியோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். டீ மேஜை மேல் கிடந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார்.

"இது எங்க மாட்டியிருந்தது?"

சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் சீட்டையா சொன்னார். "உள்ளதான் இருந்தது. நான்தான் கழட்டி வெளியில மாட்டினேன். கத்திக்கிட்டே இருந்தது."

"கத்தாம என்ன செய்யும்? கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூடின இடத்துல எஞ்சின் ஓடினா வரும், கேஸ் வண்டியா இருந்தாலும் வரும். ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல இது போய் உட்கார்ந்துக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், புத்தி தடுமாறும், அப்புறம் மயக்கம். அப்புறம் ஒண்ணும் இல்ல." அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்கள்ல யாருக்கெல்லாம் தலைவலி இருந்தது?"

சீட்டையா கையைத் தூக்கினார். பிறகு பெண்களில் மூத்தவள் தூக்கினாள். பிறகு ஒவ்வொருவராக, ஆறு பேரும், கடைசியில் சூப்பர்வைசரும்.

"நான் எங்க மாமியார் பேச்சாலன்னு நெனச்சேன்" என்றாள் மூத்தவள். இன்னொருத்தி கண்ணாடிப் பவர் கூடிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். இன்னொருத்தி, காலையில் சாப்பிடாமல் வருவதால் என்று. ஒருத்தி புருஷனின் குறட்டையில் தூக்கம் கெட்டதால் என்று. சூப்பர்வைசர் ரத்தக் கொதிப்பு என்று தானாக முடிவுகட்டி, தன் அண்ணனின் மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேஜையில் டீ குடித்துக்கொண்டு, எட்டுப் பேரும் ஒரே வலியைத் தங்கள் தங்கள் வீட்டுத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு வந்து போயிருக்கிறார்கள். ஒருத்தர் ஒருத்தரிடம் சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

"நீங்க ஐயா?" என்று அதிகாரி கேட்டார். "நீங்க என்ன நெனச்சீங்க?"

சீட்டையா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்தார்கள். ஆக்சிஜன் முகமூடியோடு அவர் படுத்திருந்தபோது மகள் ஓடி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வாரம் தள்ளி ஞாபகப் பரிசோதனையும் நடந்தது. ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்ன டாக்டர், இவர் இறங்கின வேகத்தைப் பார்த்து, போதும் போதும் என்று கையைக் காட்டினார். மகள் வீட்டுக் கட்டிலைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை. சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.

கிடங்கை இரண்டு வாரம் மூடி வைத்தார்கள். கேஸ் வண்டி போயிற்று, பேட்டரி வண்டி வந்தது. கூடத்தின் இரு பக்கமும் காற்றாடி வைத்தார்கள். வெள்ளைப் பெட்டி பழைய இடத்துக்கே திரும்பியது, கூடவே நாலு அறைக்கும் நாலு பெட்டிகள். யாரும் கழற்ற முடியாதபடி பூட்டு வேறு. அதிகாரி ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டுப் போனார். டீ நேரத்தில் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்கிறவரிடம், தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா என்று கேட்க வேண்டும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. மாமியார் முதற்கொண்டு எல்லா வீட்டு விஷயமும் அந்தக் கேள்விக்குப் பின்னால் வெளியே வர ஆரம்பித்தது.

ஒரு மாதம் கழித்து ரேடியோ வேலைக்குத் திரும்பினான். பேச்சு கொஞ்சம் நிதானமாகியிருந்தது, சில வார்த்தைகளைத் தேடிப் பிடித்தான். டீ நேரத்தில் சீட்டையா அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"தலை வலிக்குதாப்பா?"

"இல்ல ஐயா."

"அன்னைக்கு உங்க வீட்டுல ஏதோ கூத்துன்னியே. என்னது அது?"

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "ஞாபகம் இல்ல ஐயா. அந்த நாளே சுத்தமா இல்ல." பிறகு அவனே சிரித்து, "விடுங்க, இன்னைக்கு ஒண்ணு நடந்தது" என்று ஆரம்பித்தான். அவர் டீ ஆறிப்போகும் வரை நின்று கேட்டார். அன்றைக்கு அவன் சொல்ல வந்த அந்த ஒரு கதை மட்டும் அவர் சொன்ன ஒரு வார்த்தையால் உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. அது அவருக்கு ஆறவே இல்லை.

மூன்று மணி இப்போதும் வருகிறது. அந்த நேரத்துக்கு அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன்னை அறியாமல் காத்திருப்பார். பொட்டில் ஒன்றும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவருக்கு அழுகைதான் வந்தது. இரண்டு மாதமாக அவள் பட்டதைத்தான் தானும் படுகிறோம் என்று நினைத்திருந்தார். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கிறோம் என்று நினைத்திருந்தார். அது வெறும் வண்டிப் புகை. அவள் வலி எப்படி இருந்தது என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. அது அவளோடேயே போய்விட்டது.

ஒரு நாள் மாலை வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார். தைலப் புட்டியை எடுத்து அலமாரியில் அவள் வைக்கிற இடத்தில் வைத்தார். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில், அவள் சுவரைப் பார்த்துப் படுக்கிற ஓரத்தில் போய் உட்கார்ந்தார். கிடங்கில் ஒவ்வொரு நாளும் யாரையாவது கேட்கிற அந்த இரண்டு வார்த்தை, முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவை கூட அவர் வாயில் வராத அந்த இரண்டு வார்த்தை, இப்போது தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"தலை வலிக்குதா?" என்று கேட்டார்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பதில் வருகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய்ச் சோறு வடித்தார்.